தேவன் வீட்டுச் சைவ பர்கர் மீதான விசாரணை

விரத மாதத்தில் நன்றாகச் சமைத்த குற்றத்துக்காக எங்கள் ஆலய நிர்வாகம் தேவனை விசாரணைக்குக் கூப்பிட்டது. நன்றாகச் சமைத்த குற்றம் என்று நான் எழுதியதில் பிழை எதுவும் இல்லை. விசாரணை நடந்த அன்று நானும் மண்டபத்தில்தான் இருந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே ஏர்கோன் போட்டிருந்தார்கள்.

எங்கள் தாமான் குடியிருப்பு ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் வழியில் இருக்கிறது. ஒரு காலத்தில் சுங்கை செரோஜா தோட்டம். தோட்டத்தை விற்றபோது ரப்பர் மரங்கள் போயின, லயத்து வீடுகள் போயின, வேலையும் போயிற்று. முருகன் கோயில் மட்டும் தங்கியது. அதற்கு ஒரு நிர்வாகம் வந்தது. கோயில் வளர்ந்த வேகத்தைவிட நிர்வாகம் வளர்ந்த வேகம் அதிகம். முருகன் இன்றைக்கும் பழைய தகரக் கூரையின் கீழேதான் நிற்கிறார், மழை பெய்தால் வேலில் சொட்டுகிறது. நிர்வாகத்துக்கோ, கோயிலுக்குப் பக்கத்திலேயே ஓடு போட்ட மண்டபமும் சுழலும் நாற்காலிகளும் முருகன் படம் போட்ட கழுத்துப்பட்டி சட்டையும் வந்துவிட்டன.

தேவன் ஈப்போவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். தொழிற்சங்கத் தகராறு, கோயில் தகராறு எதிலும் தலையிடாதவன். அவன் மகள் தினேஸ்வரிக்கு டெங்கி கண்டு, ரத்தத்தில் ஏதோ அணுக்கள் இறங்கிக்கொண்டே போய், டாக்டர்கள் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தியபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவன் வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்து ஒரு வாய் சோறு தின்றால் பங்குனி உத்திரத்துக்கு நம் தோட்டத்து முருகனுக்குக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்துவிட்டது. சோறுதான் தின்னவில்லை.

எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று தள்ளியது. தேவன் காவடிக்கு விரதம் இருந்தான். அப்பாவோடு நானும் இருப்பேன் என்று பிள்ளையும் பிடிவாதம் பிடித்தது. எலும்பும் தோலுமாக இருக்கிற பிள்ளைக்கு எதற்கு விரதம் என்று அவன் மனைவி துளசி சண்டை போட்டுப் பார்த்தாள். கையுறைத் தொழிற்சாலையில் மாலை வேலைக்குப் போகிறவள் எத்தனை நேரம் சண்டை போட முடியும். கடைசியில், "உனக்கு என்னதான்மா வேணும்?" என்று தேவன் கேட்டான். "பர்கர்" என்றது பிள்ளை.

ஆகவே அவன் பேரங்காடிக்குப் போய், உறைபெட்டிக்குள் தலையை விட்டு, இறைச்சி இல்லாத பர்கர் ஒரு பெட்டி வாங்கி வந்தான். சோயா, பட்டாணி, பீட்ரூட் என்று பெட்டியில் போட்டிருந்தது. முதல் தடவை அதை இளக வைத்துக் கல்லில் போட்டான். கரண்டியால் அமுக்கினான். அது உடைந்து உப்புமாவாயிற்று. அடுத்த தடவை தீயைக் கூட்டினான். வெளியே கரியும் உள்ளே பனியுமாக வந்தது. மூன்றாவது தடவை மைக்ரோவேவில் வைத்தான். ஈரமான அட்டை மாதிரி இருந்தது. பிள்ளை ஒவ்வொரு தடவையும் ஒரு கடி கடித்துவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்று சொல்லித் தட்டை நகர்த்தியது. நல்லா இருக்கு என்று சொல்லி நகர்த்துவதைவிடக் கொடுமை வேறு இல்லை.

அப்புறம் அவனுக்குக் கை வந்தது. உறைந்த பர்கர் வில்லையை உறைந்தபடியே போட வேண்டும். கனமான தோசைக்கல், மிதமான தீ, கொஞ்சம் எண்ணெய். போட்டால் தொடக்கூடாது, அமுக்கக்கூடாது. அடிப்பக்கம் தானாகக் கல்லை விட்டதும் ஒரே ஒரு முறை புரட்டி, மூடி போட்டு, உள்ளே வேகும்வரை பொறுத்திருக்க வேண்டும். கடைசியில்தான் மூடியைத் திறந்து, மிளகும் சோயா சோஸும் கொஞ்சம் கருப்பட்டியும் கலந்ததை மேலே ஊற்ற வேண்டும். அது கல்லில் பட்டுச் சீறிச் சுண்டும்போது, அதே கல்லின் ஓரத்தில் ரொட்டியை வாட்டிக்கொள்ள வேண்டும். வெங்காயம் இல்லை, முட்டை இல்லை. வெள்ளரியும் தக்காளியும் மட்டும். அன்றைக்குத் தினேஸ்வரி முழு பர்கரையும் தின்றது. தேவன் சமையலறைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தான்.

வினை பின்சந்து வழியாக வந்தது. எங்கள் வீடுகளின் சமையலறைகள் முதுகோடு முதுகு பார்த்து நிற்கும், நடுவில் ஒரு சாக்கடைச் சந்து. தேவன் வீட்டு முதுகுக்கு நேர் பின்னால் பத்துமலை குடியிருந்தார். ஆலயப் பொருளாளர். அவரும் விரதம். அன்று அவர் தட்டில் புளிக்குழம்பும் அப்பளமும் இருந்தன. ஜன்னல் வழியே அந்த மணம் வந்தது. அவர் அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலைவருக்குப் போன் போட்டார்.

மறுநாள் மாலை தலைவர் மகேந்திரனும் செயலாளர் சீனியும் பத்துமலையும் கழுத்துப்பட்டி சட்டையோடு தேவன் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"தம்பி, உங்க வூட்டுல கோழி வாசம் வருதுன்னு புகார்," என்றார் தலைவர்.

"கோழி இல்ல தலைவரே. சைவ பர்கர். பெட்டிய பாருங்க."

தலைவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சோயா என்று எழுதியிருப்பதைச் சத்தமாகப் படித்தார். "அப்ப வாசம் எப்படி வருது?" என்றார்.

"நல்லா சமைச்சா வரும் தலைவரே."

தலைவர் சீனியைப் பார்த்தார். சீனி அதைக் குறித்துக்கொண்டார். குற்றவாளியே ஒப்புக்கொண்டான் என்று பிறகு விசாரணையில் சொன்னது இந்த வாக்கியத்தைத்தான்.

விசாரணை ஞாயிற்றுக்கிழமை நடந்தது. முதலில் தேவாரம். பிறகு தலைவருக்குப் பொன்னாடை. விசாரணைக்கு எதற்குப் பொன்னாடை என்று கேட்கக்கூடாது. எங்கள் மண்டபத்தில் தலைவர் தும்மினாலும் பொன்னாடை உண்டு. பொருளாளர் செயலாளருக்குப் போட்டார், செயலாளர் பொருளாளருக்குப் போட்டார். பிறகு தேவனை நிற்க வைத்துத் தலைவர் பேசினார்.

"பல வருசமா நானும் விரதம் இருக்கேன். விரதம்னா என்னா? வாயில வச்ச உடனே ஏன்டா பொறந்தோம்னு இருக்கணும். அப்பத்தான் முருகன் ஞாபகம் வரும். நம்ம கோயில் அன்னதானத்தையே எடுத்துக்குங்க. யாராச்சும் ரெண்டாவது கரண்டி கேட்டு பாத்திருக்கீங்களா? கேக்க மாட்டாங்க. அந்த நெலமைக்குக் கொண்டு வர நிர்வாகம் எவ்வளோ ஒழச்சிருக்கு தெரியுமா?"

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். உழைப்பை மறுப்பதற்கில்லை.

தேவன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். "தலைவரே, அன்னதானத்துல நீங்களே சைவ மட்டன் போடுறீங்க. அதுவும் சோயாதான்லா."

மண்டபம் கொஞ்சம் அசைந்தது. தலைவர் அசையவில்லை. "போடுறோம். அது மட்டன் மாதிரியா இருக்கு? பால்மரம் வெட்டுன பெருசுங்க மென்னு பாத்துட்டு காஞ்ச ரப்பர் ஒட்டுப்பால்னு சொன்னாங்க. அதுல யாருக்கு ஆச வரும்? நீ பண்றதுல ஆச வருது. பத்துமலைக்கே வந்துருச்சி. ஒரு பொருளாளருக்கே ஆச வருதுன்னா பொதுமக்கள் கதி என்னா?"

பத்துமலை தலையைக் குனிந்துகொண்டார். பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் அவருக்கு இன்னொரு பொன்னாடை போட்டார்கள்.

அடுத்து ஒரு சிக்கல் எழுந்தது. தேவனின் பர்கர் கறியைப் போல இருக்கிறதா என்பதை முடிவு செய்ய வேண்டும். அதற்குக் கறி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். எல்லாரும் விரதம் இருப்பதால் நாக்குக்கு மறந்துபோயிருக்கலாம் என்று சீனி சட்ட நுணுக்கத்தோடு எடுத்துச் சொன்னார். ஒப்பிட்டுப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது அநியாயம் என்றார் தலைவர். அவருக்கு நியாயம் முக்கியம்.

அன்று மாலை மூவரும் தலைவரின் காரில் ஏறிப் பெரிய சாலையில் இருக்கும் பர்கர் தள்ளுவண்டிக்குப் போனார்கள். சாட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டார்கள். கடைக்கார மலாய் அம்மாளுக்கு எங்கள் வழக்கங்கள் எல்லாம் தெரியும். இந்த மாதம் நீங்கள் சாப்பிட மாட்டீர்களே என்று மலாயில் கேட்டார்.

"இது சாப்பாடு இல்ல," என்றார் தலைவர். "ஆதாரம்."

மூன்று கோழி பர்கர் ஆதாரமாக வந்தன. முருகா என்று சொல்லி மூவரும் கண்ணை மூடிக்கொண்டு தின்றார்கள். ஒன்றை வைத்து முடிவுக்கு வர முடியாது என்று சீனி சொன்னதால் இன்னொரு சுற்று வந்தது, அதில் பாலாடைக்கட்டியும் முட்டையும் சேர்த்திருந்தது. பத்துமலை தன்னுடையதில் பாதியை வீட்டுக்குப் பொட்டலமாகத் தாப்பாவ் கட்டிக்கொண்டார், மறுபரிசீலனைக்காக. மறுநாளும் போனார்கள், முதல் நாள் ஆதாரம் மறந்துவிட்டதாம். அடுத்த வாரமும் போனார்கள். கடைசியில் கடைக்கார அம்மாள் கேட்காமலேயே மூன்று போட்டு வைக்க ஆரம்பித்தார்.

ஆதாரம் போதுமான அளவு சேர்ந்த பிறகு தேவனை மண்டபத்துக்குப் பின்னால் சமைத்துக் காட்டச் சொன்னார்கள். வீட்டுத் தோசைக்கல்லையும் உறைந்த பெட்டியையும் பனிக்கட்டிப் பைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். தினேஸ்வரியும் கூட வந்தது. காவடி எடுப்பவர்களின் பெயரை நிர்வாகம்தான் பதிவு செய்யும், அந்தப் பதிவில் தன் பெயர் நிற்க வேண்டும் என்ற ஒரே நினைப்பு அவனுக்கு. நன்றாகச் செய்து கொடுத்தால் மனம் இளகுவார்கள் என்று நம்பினான். பாவம், அவனுக்கு நிர்வாகம் புரியவில்லை.

மூவரும் தின்றார்கள். பத்துமலை விரலைச் சூப்பினார். தலைவர் கடைசித் துணுக்கையும் ரொட்டியால் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு, கைக்குட்டையால் மீசையைத் துடைத்து, எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார்.

"கோழிய விட நல்லா இருக்கு. அதனால கோழிய விட பெரிய குத்தம்."

"தலைவரே, இது செடி," என்றான் தேவன். "வேற ஒண்ணுமே இல்ல."

"செடி செடியாட்டம் இருக்கணும் தம்பி. நான் தலைவராட்டம் இல்லையா?"

நிர்வாகம் இரக்கமில்லாதது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா. தேவன் காவடி எடுக்கலாம், பிள்ளையும் பர்கர் தின்னலாம், ஆனால் நிர்வாகம் வகுத்த முறைப்படி சமைக்க வேண்டும். சீனி முறையை வாசித்தார். வில்லையைக் காலையிலேயே வெளியே எடுத்து முழுவதும் இளக வைக்க வேண்டும். கல் சூடாகும் முன்பே போட வேண்டும். கரண்டியால் நன்றாக அமுக்கி அதிலுள்ள ஈரத்தையெல்லாம் வெளியேற்ற வேண்டும். சிவக்கக் கூடாது. சோஸ் தடை. ரொட்டி வாட்டப்படக் கூடாது. மாலைதோறும் ஒரு நிர்வாக உறுப்பினர் நேரில் வந்து ருசியின்மையை உறுதி செய்வார்.

தேவன் ஒத்துக்கொண்டான். காவடி தவறினால் பிள்ளைக்கு மறுபடியும் ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவன் அவன், நான் இல்லை.

மாலைதோறும் பத்துமலை வந்தார். சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தேவன் இளகிப் போன வில்லையைப் சூடாகாத கல்லில் போட்டு அமுக்குவான். சாம்பல் நிறத்தில் தண்ணீர் கசியும். பத்துமலை ஒரு துண்டு வாயில் வைத்து, முகத்தைச் சுளித்து, "கொஞ்சம்கூட நல்லா இல்ல. ரொம்ப சரி," என்று பாராட்டிவிட்டு, நேரே தள்ளுவண்டிக்குப் போவார்.

தினேஸ்வரி தட்டைப் பார்க்கும். "எனக்கு பசிக்கலப்பா" என்று சொல்லும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்ன அதே குரல்.

துளசி ஒருநாள் லீவு போட்டு வீட்டில் இருந்தாள். பத்துமலை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள், பிள்ளை தட்டைத் தள்ளுவதைப் பார்த்தாள். பள்ளிச் சட்டையை இடுப்பில் இரண்டு மடிப்பு மடித்து ஊக்குக் குத்தியிருந்ததையும் பார்த்தாள்.

"நீங்க சாமிகிட்ட என்னா நேந்துக்கிட்டீங்க?" என்று தேவனிடம் கேட்டாள்.

"காவடி."

"எதுக்கு?"

தேவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"புள்ள சாப்டணும்னு. இப்ப காவடிக்காவ புள்ளைய பட்டினி போடுறீங்க. இத முருகன் கேட்டாரா, இந்த அண்ணன் கேட்டாரா?"

பத்துமலை எழுந்தார். "அக்கா, இது நிர்வாக விசயம்," என்றார்.

"நிர்வாகத்த வெளிய கூட்டிட்டுப் போங்க. கதவ சாத்தணும்," என்றாள் துளசி.

தேவன் உறைபெட்டியைத் திறந்து புதிய வில்லை ஒன்றை எடுத்தான். கல்லைக் காய வைத்தான். அன்று இரவு பின்சந்து முழுவதும் மணந்தது. மறுநாள் காவடிப் பதிவிலிருந்து அவன் பெயரை வெட்டிவிட்டார்கள். பதிவில்லாத காவடி திருநாளன்று படியேற முடியாது. அவன் அதை என்னிடம் வந்து சொன்னான். பிள்ளை கொஞ்சம் எடை கூடியிருக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொன்னான்.

பங்குனி உத்திரம் வந்தது. நிர்வாகத்துக்கு ஒரு புதிய யோசனையும் வந்திருந்தது. காலத்துக்கேற்ற அன்னதானம் என்று மண்டபத்துக்கு முன் துணி கட்டியிருந்தார்கள். அதில் தலைவர் படம் பெரிதாகவும் முருகன் படம் சிறிதாகவும் இருந்தது. அன்னதானம் சைவ பர்கர். நிர்வாக முறைப்படி சமைத்தது. முதல் நாளே பெட்டி பெட்டியாக வெளியே எடுத்து இளக வைத்து, பெரிய சட்டியில் அள்ளிப் போட்டு அமுக்கியிருந்தார்கள். வெயிலில் காவடி எடுத்து வந்தவர்கள் வாங்கினார்கள், கடித்தார்கள், பார்த்தார்கள். குப்பைத் தொட்டிகள் நிரம்பின. தொட்டி நிரம்பியதும் சாக்கடை ஓரம் நிரம்பியது. ஒரு நாய் வந்து மோந்துவிட்டுப் போயிற்று.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பக்தப் பெருமக்களே, இதைப் பாருங்கள். ஒருவரும் இரண்டாவது கேட்கவில்லை. ஒருவரும் முழுவதும் உண்ணவில்லை. ஆசையை வென்ற இப்படியொரு கூட்டத்தைப் பேராக் மாநிலத்திலேயே யாரும் கண்டிருக்க முடியாது. இந்த வெற்றி முழுக்க முழுக்க நிர்வாகத்துக்கே சேரும்." பொன்னாடை போட்டார்கள்.

அடுத்து வந்த ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மாலை, தேவன் வீட்டிலிருந்து காவடியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டான். மேளம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. முன்னால் தினேஸ்வரி வேப்பிலையோடு நடந்தது, பக்கத்தில் துளசி பால் செம்போடு நடந்தாள், பின்னால் நான். ரோட்டில் ஒரு லாரிக்காரன் வண்டியை ஒதுக்கி வழிவிட்டான்.

கோயிலில் குருக்கள் மட்டும் இருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்தவர், கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறவர். தேவன் படிக்கு வெளியே நின்றான்.

"சாமி, என் பேர வெட்டிட்டாங்க. உள்ள வரலாமா?"

"பேரை வெட்டினது அந்த மண்டபத்துல," என்றார் குருக்கள். "இது சந்நிதி. இங்க ஏர்கோன் கிடையாது, அதனால அவங்க யாரும் வர்றதில்ல. நீங்க வாங்க."

பால் முருகன்மேல் இறங்கியது. தேவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். தீபம் காட்டித் திருநீறு கொடுத்த பிறகு குருக்கள் தயங்கினார். "ஒண்ணு கேக்கலாமா? உத்திரத்துக்கு வாங்கினதுல பிரிக்காத பெட்டி நிறைய மிச்சம். எல்லாத்தையும் என் அறை உறைபெட்டியில அடுக்கிட்டு, இந்த மாசம் இதையே சாப்பிடுங்கன்னு தலைவர் சொல்லிட்டார். விதிப்படி இன்னிக்கும் காலையிலேயே மூணை எடுத்து வெளிய வெச்சிருக்கேன். என்னால முடியலங்க."

தேவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கல்லு இருக்கா சாமி?" என்று கேட்டான்.

இருந்தது. பிரிக்காத பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டான். மூடி திறந்து மிளகுச் சோஸ் ஊற்றியபோது எழுந்த மணம் அறையைத் தாண்டி, தகரக் கூரையைத் தாண்டி, மண்டபத்து ஏர்கோன் வரை போயிருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை நிர்வாகக் கூட்டம். மண்டபக் கதவு திறந்தது. மூவரும் வந்து அறை வாசலில் நின்றார்கள். நாங்கள் தட்டில் போட்டுச் சாப்பிட ஆரம்பித்திருந்தோம்.

தலைவர் மூக்கை உறிஞ்சினார். "என்னா குருக்களே, இன்னிக்கு நெய்வேத்தியமா? சாமிக்குப் படைச்சதுன்னா குத்தம் இல்ல. அதுக்கு விதி பாக்கத் தேவையில்ல. நமக்கும் ஒரு தட்டு போடுங்க."

குருக்கள் தேவனைப் பார்த்தார். தேவன் எழுந்தான். மேசையில் காலையிலிருந்து இளகிக் கிடந்த மூன்று வில்லைகளை எடுத்தான். தண்ணீர் ஊற்றிக் கல்லை ஆற்றினான். மூன்றையும் போட்டு, கரண்டியால் ஈரமெல்லாம் போகும்வரை நிதானமாக அமுக்கி, வாட்டாத ரொட்டிக்குள் வைத்து, இரண்டு கையாலும் தட்டை நீட்டினான்.

"நெய்வேத்தியம் இல்ல தலைவரே, சும்மா வீட்டுச் சமையல்தான். உங்களுக்கு நிர்வாக முறைப்படி செஞ்சிருக்கேன். உக்காந்து சாப்டுங்க. நான் உறுதி செய்யணும்."

குருக்கள் பார்த்துக்கொண்டிருந்தார், துளசி பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவர் தட்டை வாங்கிக்கொண்டார். வேறு வழியில்லை, விதி அவருடையது. மூவரும் மென்றார்கள். நீண்ட நேரம் மென்றார்கள்.

தினேஸ்வரி தன் தட்டை விரலால் வழித்து நக்கிவிட்டு, "அப்பா, இன்னும் பசிக்குது," என்றது.